படகு நிக்கற மணல் எந்த மேப்புலயும் இல்ல, இத எப்படி காப்பாத்தறது?

கரையூர்_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், இன்னிக்குதான் மொத தடவை இழை ஆரம்பிக்கறேன்.

எங்க ஊரு சென்னைக்கு தெற்க ஈசிஆர் ஓரமா ஒரு மீனவ குப்பம், பேரு வேணாம். அப்பா கடலுக்கு போறவரு, ஃபைபர் போட். அம்மா கூடை மீன் விக்கறாங்க. நான் ஒரு கம்பெனில கணக்கு பாக்கறேன்.

போன மாசம் எங்க கரைக்கு ரெண்டு பேரு டேப்ப எடுத்துட்டு வந்து அளந்துட்டு போனாங்க. என்ன சார்னு கேட்டதுக்கு பீச்ச அழகு படுத்தப் போறோம், நடைபாதை வரும், பெஞ்ச் வரும், லைட் வரும், உங்க ஊருக்கும் நல்லதுதானேன்னு சொன்னாங்க. கையில இருந்த பிளானை காட்ட சொல்லி பாத்தேன். எங்க வீடுங்க இருந்துது, கோயில் இருந்துது, ரோடு இருந்துது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கற மணல்ல மட்டும் ஒரு எழுத்து கூட இல்ல, வெள்ளையா விட்டு அதுமேல பச்சை கலர்ல நடைபாதை போட்டிருந்தாங்க. அந்த வெள்ளை இடத்துலதான் எங்க அப்பா 30 வருஷமா படகு ஏத்தறாரு.

அந்த இடத்துல என்ன நடக்குதுன்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன். காலைல ஏழு ஏழரைக்கு படகு அலைய தாண்டி வந்து மணல்ல மோதும், உடனே கயிறு மாட்டி டிராக்டர்ல மேல இழுக்கணும், இல்லன்னா அடுத்த அலை படகை திருப்பி போட்டுடும். இழுத்த பிறகு வலைய நீளமா மணல்ல விரிச்சு உக்காந்து மீன் எடுக்கணும். நண்டு வலையா இருந்தா கேக்கவே வேணாம், ஒவ்வொரு நண்டும் நாலஞ்சு கண்ணியில சுத்திக்கிட்டு கிடக்கும், காலு உடையாம எடுக்கணும், காலு போச்சுன்னா விலையும் போச்சு, மூணு பேரு உக்காந்தாலும் ரெண்டு மணி நேரம் ஆகும். பக்கத்துலயே ஏலம். அம்மாவும் மத்த பொம்பளைங்களும் அன்னக்கூடையோட நிப்பாங்க. எட்டரைக்கு ஏலம் எடுத்தா ஒம்பதரைக்கு தெருவுல மீன் இருக்கணும். மீறின மீனு உப்பு போட்டு அங்கயே காயும். கிழிஞ்ச வலைய மத்தியானம் அங்கயே உக்காந்து சரி பண்ணுவாங்க.

பதினோரு மணிக்கு மேல வந்து பாத்தீங்கன்னா காலி மணல்தான் தெரியும். அளக்க வந்தவங்களும் பதினொன்ற மணிக்குதான் வந்தாங்க.

இந்த மாதிரி உங்க ஊருல நடந்திருந்தா என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. எனக்கு நெஜமாவே வழி தெரியல.

---

டூவீலர்_பயணி

சகோதரி, தப்பா எடுத்துக்காதீங்க, எதிர் பக்கமா ஒண்ணு சொல்லணும். நான் மயிலாப்பூர். தினமும் பட்டினப்பாக்கத்துல இருந்து லைட் ஹவுஸ் வரைக்கும் கடல் ஓரமா மீனவ குப்பங்க வழியா போற லூப் ரோடுல வண்டி ஓட்டறவன். சாந்தோம் ஹைரோடு எப்படி நெரியும்னு எல்லாருக்கும் தெரியும். லூப் ரோடுல ரெண்டு பக்கமும் மீன் கடை இருந்தப்போ அதுலயும் போக முடியாது, தண்ணி ரோட்டுல ஓடும், நானே ஒரு தடவை வழுக்கி விழுந்து முட்டி கிழிஞ்சுது. 2023 ஏப்ரல்ல ஹைகோர்ட்டே தானா முன்வந்து கேஸ் எடுத்து கடைங்கள அகற்ற சொன்னாங்க. அப்புறம் அந்த ரோட்டு மேலயே இருக்கற நொச்சிக்குப்பத்துல நவீன மீன் மார்க்கெட் கட்டி 2024 ஆகஸ்ட்ல தொறந்தாச்சு, சுமார் 360 கடை. இது நல்ல தீர்வுதானே? மீனவங்களுக்கும் கூரை, தண்ணி வசதி, மக்களுக்கும் ரோடு. எல்லா மாற்றத்தையும் பறிப்புன்னு பாக்கணுமா?

---

வாடைக்காத்து

டூவீலர் அண்ணா, நீங்க விழுந்தது வருத்தம்தான், ஆனா ஒண்ணு கேளுங்க. ரோடு எங்க ஊருக்குள்ள வந்துது, நாங்க ரோட்டுக்கு போகல. நான் நொச்சிக்குப்பம் இல்ல, வடசென்னை, ஆனா எங்க அத்தை வீடு அங்கதான், சின்ன வயசுல லீவுக்கு போவேன். அப்ப அது குப்பத்து ரோடு, வலை காய போடுவாங்க, நாங்க கிரிக்கெட் ஆடுவோம். சாந்தோம் ரோடு நெரிய நெரிய வண்டிய இந்த பக்கம் திருப்பி விட்டாங்க. ஒரு ஊரோட முற்றத்துல டிராஃபிக்க விட்டுட்டு, முற்றத்துல ஏன் உக்காந்திருக்கீங்கன்னு கேட்டா என்ன பதில் சொல்றது.

மார்க்கெட் நல்லதுதான், வேணாம்னு சொல்லல, வெயில்ல கருகிட்டு இருந்த அம்மாங்களுக்கு கூரை கெடைச்சுது. ஆனா மார்க்கெட்டுங்கறது மீன் விக்கற இடம். படகு ஏத்த, வலை விரிக்க, இன்ஜின் கழட்டி துடைக்க, கடலை பாக்க இடம் வேணாமா? கடலை பாக்கறதும் வேலைதான். எங்க தாத்தா விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து மணல்ல நின்னு பாப்பாரு, காத்து எங்க இருந்து வருது, தண்ணி எந்த பக்கம் இழுக்குது, கலங்கல் இருக்கா தெளிவா இருக்கான்னு, அத வச்சுதான் எந்த வலை எடுக்கறதுன்னு முடிவு. பத்து கிலோமீட்டர் தள்ளி நாலாவது மாடியில வீடு குடுத்துட்டு படகு மட்டும் கரையில நிக்கட்டும்னா அது நடக்காது. இன்ஜின் ராத்திரி திருடு போகும்.

---

மேப்_பைத்தியம்

நல்ல இழை. நான் நகரத் திட்டமிடல் படிச்சவன், கடலோர மேப் வேலை கொஞ்சம் பாத்திருக்கேன். சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா போடறேன், ஏன்னா நிறைய பேருக்கு இது தெரியாது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நாம எல்லாம் சிஆர்இசட்னு சொல்றது, மொதல்ல 1991 பிப்ரவரி 19ல வந்துது. 2011 ஜனவரியில புதுசா ஒண்ணு, 2019 ஜனவரி 18ல இன்னொண்ணு. 2011 அறிவிக்கையில ஒரு முக்கியமான வரி இருக்கு. மாநில அரசு போடற கடலோர மேலாண்மை மேப்புல மீனவ ஊர்கள், மீனவ சமுதாயத்தோட பொதுச் சொத்துகள், படகுத்துறை, ஐஸ் பிளான்ட், மீன் காய வைக்கற இடம் இதெல்லாம் சர்வே நம்பர் தெரியற அளவுல குறிக்கணும்னு எழுதியிருக்கு. மீனவங்களோட நீண்டகால வீட்டுத் தேவைக்கும் தனியா திட்டம் போடணும். அதாவது சகோதரி பாத்த அந்த வெள்ளை இடம் வெள்ளையா இருக்கவே கூடாது.

2019ல என்ன மாறிச்சுன்னா, கிராமப்புற கடலோரத்த ரெண்டா பிரிச்சாங்க. 2011 சென்சஸ் படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல இருந்தா கட்டுமானம் இல்லாத பகுதி கடலேத்தக் கோட்டுல (கடல் ஏறும்போது தண்ணி வந்து தொடற எல்லை) இருந்து 50 மீட்டர்தான், முன்னாடி அது 200. அதோட தற்காலிக டூரிஸ்ட் குடில், கழிவறை, உடை மாத்தற ரூம் இதெல்லாம் கடலேத்தக் கோட்டுல இருந்து 10 மீட்டர் விட்டு போடலாம்னு அனுமதி. அந்த 10 மீட்டர் தாண்டின மணல்தான் உங்க அப்பா படகு நிக்கற மணல், வலை விரிக்கற மணல். சட்டத்துல ஒரு பக்கம் குறிக்கணும்னு இருக்கு, இன்னொரு பக்கம் குடில் போடலாம்னு இருக்கு. குறிக்கலன்னா குடில்தான் ஜெயிக்கும்.

சகோதரி, உங்க ஊரு கடலோர மேப் ஷீட்ட மொதல்ல எடுங்க. பொது மக்கள் பார்வைக்கு வைக்கற ஆவணம் அது. அதுல எதெல்லாம் விட்டிருக்காங்கன்னு பாருங்க.

---

கரையூர்_பொண்ணு

அண்ணா ரொம்ப நன்றி. அந்த ஷீட்டுக்காக ஒரு ஆபீசுக்கு மூணு தடவை போயிட்டேன், அந்த செக்ஷன் இங்க இல்ல அங்கன்னு சொல்லி அனுப்பறாங்க. இன்டர்நெட்ல இருக்கறது பெருசு பண்ணா மங்கி போகுது.

டூவீலர் அண்ணா, உங்க கோவம் எனக்கு புரியுது, மீன் கழிவ ரோட்டுல கொட்டறது எங்களுக்கும் பிடிக்காது. ஆனா ஒரு விஷயம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் பெரிய விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது இல்லயா, அந்த ரெண்டு மாசம் சென்னைக்கு பச்சை மீன் எங்க இருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? எங்க மாதிரி மணல்ல ஏத்தற சின்ன படகுங்கதான். சங்கரா, கிழங்கான், காரப்பொடி, நண்டு, காலைல புடிச்சது காலைலயே. ஐஸ் பெட்டிக்குள்ள அஞ்சாறு நாள் கிடந்த மீன் இல்ல. இந்த கரை போச்சுன்னா உங்க வீட்டு குழம்புக்கும் அந்த மீனு போச்சு.

---

டூவீலர்_பயணி

61 நாள் விஷயம் நான் யோசிக்கல, உண்மை. எங்க அம்மா தடைக்காலத்துல குப்பத்துக்குதான் போவாங்க, அங்கதான் புதுசா இருக்கும்னு. ஆனா அழகு படுத்தறதே வேணாம்னு சொல்றீங்களா? கடற்கரை எல்லாருக்கும் பொது. சாயங்காலம் காத்து வாங்க எனக்கும் உரிமை இருக்கு, எங்க அப்பாவுக்கு 76 வயசு, மணல்ல நடக்க முடியாது, நடைபாதை இருந்தா அவரும் கடல பாக்கலாம்.

---

வாடைக்காத்து

உங்க அப்பா தாராளமா வரட்டும் அண்ணா, எங்க ஊரு திண்ணையில உக்காரலாம், டீ வாங்கி தர்றோம். காத்து வாங்கறவங்கள நாங்க எப்பவும் போக சொன்னதில்ல. எங்களதான் போக சொல்லி இருக்காங்க.

இளசுங்களுக்கு தெரியாது, அதனால எழுதறேன். 1985 கடைசியில மெரினாவ அழகு படுத்தணும்னு சொல்லி கட்டுமரத்தையும் வலையையும் அள்ளிட்டு போனாங்க. கட்டுமரம்னா என்ன, ஒரு வீட்டோட மொத்த சொத்து. ஜனங்க எதிர்த்தாங்க. டிசம்பர் 4ம் தேதி துப்பாக்கிச்சூடு, உயிரு போச்சு. எங்க சித்தப்பா அப்ப 19 வயசு, அன்னிக்கு அங்க இருந்தாரு, இன்னிக்கு வரைக்கும் அந்த தேதி வந்தா அவரு கடலுக்கு போக மாட்டாரு. அதனால அழகு படுத்தறோம்னு யாராவது சொன்னா எங்களுக்கு வயித்துல ஏதோ பண்ணும். அதுக்கு அப்புறம் லைட் ஹவுஸ்ல இருந்து கொட்டிவாக்கம் வரைக்கும் கடலோரமா உயர்மட்ட சாலைன்னு ஒண்ணு வந்துது, ஊருங்க எல்லாம் எதிர்த்து நின்னுது. அடையாறு முகத்துவாரத்துல உடைஞ்ச பாலம் இருக்கே, 1977ல வெள்ளத்துல போனது, அதை திரும்ப கட்டி பெசன்ட் நகர் வரைக்கும் ரோடு விடலாம்னு பேச்சு வந்துக்கிட்டே இருக்கு. விட்டா அங்க இருக்கற ஊரூர் மீனவ குப்பத்து மணலும் லூப் ரோடு மாதிரிதான்.

மெரினா மணல் எப்படி வந்துதுன்னும் சொல்லணும். 1870கள்ல ஹார்பர் கட்ட ஆரம்பிச்சாங்க. தெற்க இருந்து வடக்க போற மணல அந்த சுவரு தடுத்து நிறுத்திச்சு, தெற்க மெரினா அகலமாச்சு, வடக்க எங்க ராயபுரம் பக்கம் கடல் ஊர தின்னுச்சு. எங்க பாட்டி சொன்ன கோயில், தெரு எல்லாம் இப்ப கடலுக்குள்ள. இப்ப கருங்கல்லு கொட்டி வச்சிருக்காங்க, அதுமேல படகு ஏத்த முடியாது. அதனாலதான் மணல் இருக்கறவங்கள பாத்து சொல்றேன், இருக்கும்போதே புடிச்சுக்கோங்க.

---

தாராவி_தமிழன்

பம்பாய்ல இருந்து. நாங்க திருநெல்வேலிக்காரங்க, மூணு தலைமுறையா இங்க. வொர்லி கோலிவாடாவுல எனக்கு கூட்டாளிங்க உண்டு, அவங்க கோலி மீனவங்க. கோஸ்டல் ரோடு பாலம் கட்டும்போது நடந்தத சொல்றேன், உங்களுக்கு உதவும்.

க்ளீவ்லண்ட் பந்தர்னு அவங்க படகுத்துறை. அங்க இருந்து கடலுக்கு போற வாய்க்கு குறுக்க பாலத்து தூணு வருது. தூணுக்கு தூணு 60 மீட்டர் விடறோம், ஒரு படகு போக இது தாராளம்னு இன்ஜினியருங்க கணக்கு. கோலிக்காரங்க சொன்னாங்க, சார் நீங்க அமைதியான தண்ணிக்கு கணக்கு போடறீங்க, மழைக்காலத்துல காத்து தள்ளும், தூண சுத்தி தண்ணி சுழலும், எதுக்க இன்னொரு படகு வரும், 60 பத்தாதுன்னு. 200 கேட்டாங்க. யாரும் கேக்கல. கடல்ல படகோட போயி வேலைய நிறுத்தினாங்க. வருஷக்கணக்குல இழுத்துது. கடைசியா 2022 முடிவுல 120 மீட்டருக்கு ஒத்துக்கிட்டாங்க, ஒரு தூணை எடுத்துட்டு டிசைன மாத்தினாங்க.

இதுல நான் கத்துக்கிட்டது, அவங்க வெறும் வேணாம்னு நிக்கல. எத்தன மீட்டர், ஏன் அத்தன மீட்டர், எந்த மாசத்துல எந்த காத்துன்னு நம்பரா பேசினாங்க. பாப்பா, நீயும் நம்பரோட போ. உங்க ஊர்ல எத்தன படகு, ஒரு படகுக்கு எவ்வளவு இடம், வலை விரிக்க எவ்வளவு. கணக்கு பாக்கற பொண்ணுதானே நீ.

---

யாழ்_கரை

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், மயிலிட்டிக்குப் பக்கத்து ஊர். உங்கட கதையை வாசிக்க மனசுக்கு ஒரு மாதிரி போச்சுது, அதான் எழுதுறன்.

மயிலிட்டித் துறைமுகம் எண்டா ஒரு காலத்தில வடக்கில பேர்போன இடம். 1990இல சனமெல்லாம் எழும்பிப் போக வேண்டி வந்தது, பிறகு அது ராணுவத்தின்ட உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போட்டுது. 2017 ஜூலையிலதான் துறைமுகத்தையும் அதோட கொஞ்சக் காணியையும் விட்டவை. 27 வருசம். நான் போகேக்க ஒன்பது வயசு, திரும்பிப் போகேக்க எனக்குப் பிள்ளைகள்.

காணிக்கு உறுதி (பத்திரம்) வச்சிருந்த ஆக்கள் உறுதியக் காட்டி, இது என்ர வளவு எண்டு சொல்லக் கூடியதா இருந்தது. ஆனா வாடி (மீன் கொட்டில்) போட்ட இடம், கருவாடு காயப்போட்ட இடம், இந்தப் பனைக்கு நேரே எங்கட அப்பா வள்ளம் கட்டுறவர் எண்ட கதை, அதுக்கெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பனையும் இல்லை. கிழவன்மார் ரெண்டு பேர் நிண்டு இதிலதான், இல்லை அதிலதான் எண்டு வாக்குவாதப்பட்டதை நான் கண்ணால பாத்தனான். ரெண்டு பேரும் அழுதவை.

எங்கட பக்கம் கரைவலைப் பாடு, அதாவது கரையில நிண்டு வலை இழுக்கிற இடம், அதுக்கு லைசன்ஸ் முறை ஒண்டு இருக்கு, இன்ன இடத்தில இன்னார் வலை வளைக்கலாம் எண்டு பதிவு. அப்பிடிப் பதிஞ்ச இடத்தைக் கேட்டு வாங்கிறது கொஞ்சம் லேசு. பதியாததுதான் தொலைஞ்சு போகும். அதால தங்கச்சி, கிழவன்மார் உயிரோட இருக்கேக்கயே எழுதி வையுங்கோ.

---

கரையூர்_பொண்ணு

அண்ணா உங்க பதிவ அப்பாவுக்கு படிச்சு காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எழுந்து போயி பக்கத்து வீட்டு தாத்தாவ கூட்டிட்டு வந்துட்டாரு, திரும்ப படின்னு.

---

போர்ட்லண்ட்_குளிர்

நான் அமெரிக்காவுல மெயின் (Maine)ங்கற மாநிலத்துல இருக்கேன், சொந்த ஊரு தூத்துக்குடி. இங்க லாப்ஸ்டர் புடிக்கறதுதான் பெரிய தொழில். தீவு, வளைவு எல்லாம் சேத்தா இந்த மாநிலத்துக்கு சுமார் 5300 மைல் கடலோரம். அதுல மீன்பிடிக்கு புழங்கற கரை 20 மைல்தான் மிச்சம்னு 2007ல ஒரு அறிக்கை வந்துது. மத்ததுல நிறைய கோடை வீடு, ஹோட்டல். பணக்காரங்க பக்கத்துல வீடு வாங்குவாங்க, நிலத்து விலை ஏறும், அதோட சொத்து வரியும் ஏறும், வரி கட்ட முடியாம மீனவரு தன் படகுத்துறைய வித்துட்டு போவாரு. யாரும் அடிச்சு விரட்ட வேண்டியதே இல்ல.

இதுக்கு இவங்க ரெண்டு வேலை பண்ணாங்க. 2005ல மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு வச்சு, மீன்பிடி கரைய அதோட சந்தை விலைக்கு இல்லாம இப்ப என்ன பயன்பாட்டுல இருக்கோ அதுக்கு வரி போடலாம்னு அரசியல் சட்டத்தயே திருத்தினாங்க. இன்னொண்ணு, மீனவரோ கூட்டுறவு சங்கமோ தன்னோட துறைய வேற எதுக்கும் மாத்த மாட்டேன்னு பத்திரம் எழுதி குடுத்தா, கட்டடம் கட்டற உரிமைக்கு உண்டான பணத்த மாநிலம் குடுக்கும். நிலம் அவங்களோடதே, ஆனா யாரு வாங்கினாலும் அது மீன்பிடி துறையாதான் இருக்கணும், எத்தன தலைமுறை ஆனாலும். நான் இருக்கற போர்ட்லண்ட்லயே 1987ல துறைமுகக் கரையில அபார்ட்மென்ட் வர ஆரம்பிச்சப்போ ஊர் மக்களே ஓட்டு போட்டு நிறுத்தினாங்க.

இங்க நிலம் தனியாருது, அங்க மணல் புறம்போக்கு, அப்படியே பொருந்தாதுன்னு தெரியும். ஆனா பயன்பாட்ட பூட்டி வைக்கலாம்ங்கற யோசனைய நம்ம ஊருக்கு கொண்டு வர முடியாதா? பூங்கா இடம், பள்ளிக்கூடத்து மைதானம்னு ஒதுக்கறோம் இல்ல, அது மாதிரி படகுக் கரைன்னு மாஸ்டர் பிளான்ல ஒரு வகை ஏன் இருக்க கூடாது?

பெரிய புயல் பத்தியும் சொல்லணும். 2024 ஜனவரியில மூணே நாள் இடைவெளியில ரெண்டு புயல், மரத்துல கட்டின பழைய துறைங்க நிறைய அடிச்சிட்டு போச்சு. எங்க தெருக்கோடியில ஒருத்தரு தன் தாத்தா கட்டின மேடை மிதந்து போறத பாத்துட்டு நின்னாரு. கட்ட காசு இல்லாதவங்க விக்கதான் பாப்பாங்க.

---

மேப்_பைத்தியம்

போர்ட்லண்ட் நண்பர் சொன்னது சரியான இடத்த தொட்டுது. படகுக் கரைன்னு ஒரு வகை. தமிழ்நாட்டுக்கு 1076 கிலோமீட்டர் கடலோரம், 608 மீனவ ஊருன்னு சொல்றோம், ஆனா இந்த ஊருங்களோட வேலைக் கரை எவ்வளவுன்னு ஒரு நம்பர் நான் எங்கயும் பாத்ததில்ல. வீட்ட எண்ணறோம், படகை எண்ணறோம். மணல எண்ணறதில்ல.

சகோதரி, நீங்களே அளக்கலாம், யாரு அனுமதியும் வேணாம். போன்ல ஜிபிஎஸ் ஆப் இருந்தா போதும். படகு நிக்கற இடத்தோட நாலு மூலை, வலை விரிக்கற இடம், ஏலம், கருவாடு, கோயில், கரைவலை இழுக்கற இடம் இருந்தா அது, டிராக்டர் வர்ற பாதை. ஒவ்வொண்ணுக்கும் காலை நேரத்துல போட்டோ, தேதியோட. பஞ்சாயத்து தீர்மானம் போட்டு கையெழுத்து வாங்குங்க. நாளைக்கு கோர்ட்டுக்கோ தீர்ப்பாயத்துக்கோ போனா உங்க கையில ஒரு காகிதம் இருக்கும்.

---

வாடைக்காத்து

ஒண்ணு மறக்காதீங்க, இப்ப சித்திரை வைகாசியில அளந்தா ஒரு அளவு, ஐப்பசி கார்த்திகையில அளந்தா வேற அளவு. வாடை அடிக்கும்போது கடல் மணல தின்னுட்டு மேல வரும், அப்ப எல்லா படகும் மேல ஏறணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க பக்கம் படகை எல்லாம் ரோட்டு மேல ஏத்தி வச்சோம், அதுவும் பத்தாம கோயிலு வாசல்ல ரெண்டு. இப்ப பாக்க காலியா இருக்கற மேட்டு மணல்தான் புயலுக்கு அடைக்கலம். அங்க நடைபாதைக்கு சிமெண்ட் சுவரு வச்சா படகை எங்க ஏத்துவ? நடைபாதை வரட்டும், ரோட்டு ஓரமா வரட்டும், குறுக்க சுவரு இல்லாம வரட்டும். டூவீலர் அண்ணாவோட அப்பாவுக்கு அங்க இருந்தே கடல் தெரியும்.

---

டூவீலர்_பயணி

ரோட்டு ஓரமா, சுவரு இல்லாம. இதுக்கு நான் கையெழுத்து போடுவேன். கழிவு விஷயத்துல மட்டும் என் கருத்து மாறல, அதுக்கு ஊர் பஞ்சாயத்து பொறுப்பு எடுக்கணும், கிழிஞ்ச நைலான் வலைய மணல்லயே புதைச்சு விடறத நான் கண்ணால பாத்திருக்கேன். ஆமைங்க மாட்டும்.

---

கரையூர்_பொண்ணு

டூவீலர் அண்ணா, அது எங்க தப்புதான், ஒத்துக்கறேன், பஞ்சாயத்துல பேச சொல்லியிருக்கேன்.

இன்னொரு தப்பும் எங்க பக்கம் இருக்கு, வெளிப்படையா சொல்றேன். எங்க ஊர்லயே ஒருத்தரு கரை ஓரமா இருந்த இடத்த காபி கடைக்கு வாடகைக்கு விட்டுட்டாரு. மாசம் வர்ற வாடகை கடலுக்கு போனா வராது, அவர திட்டறதுக்கும் எனக்கு வாய் வரல. ஆனா அந்த இடம் இத்தன வருஷமா பொம்பளைங்க கருவாடு போட்ட இடம். யாரும் அவங்கள கேக்கல, ஏன்னா எங்க பஞ்சாயத்துல பொம்பளைங்க உக்காரதில்ல. படகுக்காரங்களுக்கு இடம் போயிருந்தா அன்னிக்கே ஊரு கூடியிருக்கும். கருவாடு இடம்தானேன்னு விட்டுட்டாங்க. வெளியில இருந்து வர்றவங்க மேப்புல எங்க மணல் இல்லன்னு கோவப்படறோம், எங்க ஊரு கணக்குலயே எங்க அம்மாவோட மணல் இல்ல. இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

---

யாழ்_கரை

எழுதினது நல்லது தங்கச்சி. எங்கட பக்கமும் இதே கதைதான். அளக்கேக்க அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

---

கரையூர்_பொண்ணு

போன ஞாயித்துக்கிழமை அளந்துட்டோம்! காலைல ஆறுக்கு ஆரம்பிச்சு பத்து வரைக்கும், படகு வந்து ஏறும்போதே அளந்தோம், தாராவி அண்ணா சொன்ன மாதிரி நம்பரோட பேசறதுக்காக. எங்க ஊர்ல 43 படகு. ரெண்டு படகுக்கு நடுவுல ஆளு நின்னு தள்ற இடம், இன்ஜின் வால் நீட்டற இடம் எல்லாம் சேத்து ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவுன்னு கயிறு போட்டு பாத்தோம். அப்பாவோட வலைய முழுசா விரிச்சு நீளம் எடுத்தோம். பக்கத்து வீட்டு தாத்தா குச்சி ஊனிட்டே வந்தாரு, இங்க பழைய கரைவலை இழுத்த இடம், இங்க சுனாமிக்கு முன்னாடி வலை கூடம் இருந்துதுன்னு. எனக்கே தெரியாத நாலு இடம் காட்டினாரு.

கருவாடு இடத்துக்கு அம்மாவும் இன்னும் ஆறு பேரும் வந்தாங்க. காபி கடையோட பின்பக்கம் இப்ப அவங்களுக்கு மிச்சம் இருக்கற இடம் ஏழு பாய் அகலம்தான். முன்னாடி எவ்வளவுன்னு கேட்டதுக்கு அம்மா பாய எண்ணி சொன்னாங்க, 20 பாய். மீட்டர்ல எழுதவா பாய்ல எழுதவான்னு கேட்டேன், ரெண்டுலயும் எழுதுன்னாங்க. எழுதியிருக்கேன்.

மேப் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. ஐப்பசியில திரும்ப அளந்து அதே ஃபைல்ல போடணும், ஆனா ஆப்புல கடல் கோடு ஒண்ணுதான் வரைய விடுது, வைகாசி கோடையும் ஐப்பசி கோடையும் தனித்தனி கலர்ல காட்டறது எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க. பஞ்சாயத்து கூட்டம் வர்ற வெள்ளிக்கிழமை, அதுக்குள்ள பிரிண்ட் எடுக்கணும்.